கம்பி ஏறும் குதிரை



தலைப்பைப் பார்த்துவிட்டு, மெரினாவில் பத்து நிமிஷம் சவாரி போகும் குதிரையையோ, ஊர் எல்லையில் ஐயனாருக்குப் பக்கத்தில் நிற்கும் மண் குதிரையையோ நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நாலு கால் குதிரை இல்லை. வீணையின் குடத்து மேல், கம்பிகளை முதுகில் தாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பாலம் போல நிற்கிறதே, அந்தக் குதிரை. எலக்ட்ரிக் கிடாரில் இதே வேலையைச் செய்யும் சமாசாரத்துக்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். அந்த பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் குட்டி உலோகத் துண்டுக்கு 'சாடில்' என்று பெயர். சாடில் என்றால் சேணம். வெள்ளைக்காரன் சேணத்தோடு நிறுத்திக்கொண்டான், நம்மவர்கள் குதிரையையே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்! இந்தியில் சிதார், தம்பூராக்களின் பாலத்துக்கு 'கோடி' என்று பெண் குதிரையின் பெயர். பிரெஞ்சில் வயலின் பிரிட்ஜுக்கு 'ஷெவலே'. அதுவும் குட்டிக் குதிரைதான். உலகம் முழுக்கக் கம்பிகள் குதிரை ஏறித்தான் பாடுகின்றன போலிருக்கிறது.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிற உனக்கு வீணை எதற்கு, கிடார் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். ஆனால் முடிவில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன். அதனால் தயவு செய்து கடைசி வரை படியுங்கள்.

பித்தளையா, எஃகா?

நம் கல்லூரி மெல்லிசைக் குழுவின் கிடாரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆண்டு விழாவில் அதன் சத்தத்துக்கு விசில் அடித்தவர்களும் உண்டு, காதைப் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் கிடாரில் ஒரு குறை. கம்பியைத் தட்டினால் 'டிங்' என்று நன்றாகத்தான் ஆரம்பிக்கும், ஆனால் ஸ்வரம் நிற்காது, சட்டென்று செத்துவிடும். இப்படித் தட்டிய ஸ்வரம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் 'சஸ்டெயின்' என்கிறார்கள்.

தி.நகரில் மெல்லிசைக் கச்சேரிகளுக்கு வாசிக்கும் ஒரு அண்ணனிடம் கிடாரைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "தம்பி, சாடில் எல்லாம் மட்டமான சரக்கு. பித்தளை போடு, அப்பத்தான் நாதம் நிக்கும்" என்று தீர்ப்பு சொன்னார். கூட வந்த ஈ.சி.இ. நண்பன் விடவில்லை. "அண்ணே, கம்பியோட அசைவைப் பிடிக்கிறது பிக்கப். காந்தம், காயில், ஃபாரடே விதி. இதுல பித்தளை எங்க வந்துச்சு?" என்றான். பஸ்ஸில் திரும்பி வரும்போது இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வாயால் பேசுவானேன், ஒர்க்‌ஷாப்பில் செய்து பார்த்துவிடலாமே!

அதற்கு முன்னால் இந்த சாடில்களின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1950-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் கட்டை உடம்பு கிடாரைக் கடைக்குக் கொண்டுவந்தார். பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது அதுதான். அதில் ஆறு கம்பிக்கு மூன்றே சாடில். உருளை வடிவப் பித்தளை, ஒன்றின் மேல் இரண்டு கம்பி. 1954-ல் அதே கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது. அதில் கம்பிக்கு ஒன்றாக ஆறு சாடில், வளைத்து மடித்த எஃகுத் தகடு. அதே காலத்தில் கிப்ஸன் கம்பெனி 'டியூன்-ஓ-மேட்டிக்' பிரிட்ஜைக் கொண்டுவந்தது. அதில் ஒரு உலோகச் சட்டத்துக்குள் ஆறு சாடில்கள் முன்னும் பின்னும் நகரும். அறுபதுகளில் கிப்ஸன் நைலான் சாடிலும் போட்டுப் பார்த்தது. இன்றைக்குக் கடைகளில் டைட்டானியம், கிராஃபைட் கலவை, உருளும் சக்கரம் வைத்தது என்று வகை வகையாக விற்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு தலைவர்.

சாடில் ஏன் முன்னும் பின்னும் நகர வேண்டும்? மெட்டின் மேல் விரல் வைத்து அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறும். தடித்த கம்பிக்கு விறைப்பும் அதிகம், அதனால் இந்தத் தொல்லையும் அதிகம். அதைச் சரிக்கட்ட அந்தக் கம்பிக்கு நீளத்தை ஒரு துளி கூட்டிக் கொடுக்கிறார்கள். ஃபெண்டர் கிடாரில் கம்பி நீளம் 25.5 அங்குலம், பன்னிரண்டாவது மெட்டு சரியாக 12.75 அங்குலத்தில். அங்கே அழுத்தி வாசித்தால் மேல் ஸட்ஜம் துல்லியமாக வர வேண்டும். வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து சாடிலை நகர்த்த வேண்டியதுதான். கிடாரில் மெட்டு அசையாது, குதிரை அசையும். வீணையில் இதற்கு நேர் தலைகீழ். குதிரை இருந்த இடத்தில் இருக்கும், மெழுகின் மேல் பதித்த இருபத்துநாலு மெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நடந்தது

ஒர்க்‌ஷாப் சாரிடம் அனுமதி கேட்டபோது, "கிடார் பார்ட்ஸா? சிலபஸ்ல எந்த யூனிட்டுப்பா?" என்று சிரித்தார். ஆனால் ஸ்க்ராப் பெட்டியைத் திறந்து விட்டது அவர்தான். பித்தளை, அலுமினியம், எம்.எஸ். என்று மூன்று துண்டுகள் எடுத்தோம். மூன்றையும் ஒரே அளவுக்கு அரம் போட்டு, ட்ரை ஸ்கொயர் வைத்துப் பார்த்து, துளை போட்டு, டேப் அடித்து, முதல் கம்பிக்கு மட்டும் மூன்று சாடில் செய்தோம். வெர்னியரில் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

கணக்கும் போட்டோம். முதல் கம்பியின் விட்டம் 0.010 அங்குலம், அதாவது 0.254 மி.மீ. நீளம் 648 மி.மீ. எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம். பெருக்கினால் முழுக் கம்பியின் எடை கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்! அந்தக் கால் கிராம் கம்பி நொடிக்கு சுமார் 330 தடவை அதிர வேண்டுமானால் ஏழரை கிலோ அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ஆறு கம்பிக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 46 கிலோ. ஒரு ஆளே தொங்குகிற மாதிரி. இவ்வளவு இழுவையையும் தாங்கிக்கொண்டு ஆடாமல் நிற்பதுதான் குதிரையின் முதல் வேலை.

டெலிகாஸ்டர் பாணியில் 8 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளமுள்ள பித்தளை உருளை என்று வைத்துக்கொள்வோம். எடை பத்துப் பதினொரு கிராம், கம்பியைப் போல நாற்பது மடங்கு. அதையே அலுமினியத்தில் செய்தால் மூன்றரை கிராம் தேறாது. அப்போதும் கம்பியைப் போல பதிமூன்று மடங்கு. கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு மறு முனையை உதறினால், போன அலை அப்படியே திரும்பி வரும். அதையே துணி காயப்போடும் கொடியில் கட்டி உதறினால் பாதி அலை கொடிக்குள்ளேயே போய்விடும். குதிரை சுவராக இருந்தால் அலை கம்பிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், ஸ்வரம் நிற்கும். கொடியாக இருந்தால் நாதம் கசிந்துவிடும். பித்தளையோ, எஃகோ, அலுமினியமோ, கால் கிராம் கம்பிக்கு மூன்றுமே சுவர்தான். கனமான சுவர், கொஞ்சம் கனம் குறைந்த சுவர் என்ற வித்தியாசம் மட்டும்.

அப்புறம் காதால் சோதனை. ஒருவன் கண்ணில் படாமல் சாடில் மாற்ற வேண்டும், இன்னொருவன் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து 'பித்தளை', 'எஃகு' என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுக் கம்பி. அதற்குப் போட்ட சந்தாவில் நாலு நாள் டீ குடித்திருக்கலாம். ஆளுக்கு ஒரு பதில் வந்தது. அலுமினியம் கொஞ்சம் பளிச்சென்று கேட்கிறது என்றான் ஒருவன். அதே அலுமினியத்தைப் பித்தளை என்று சத்தியம் செய்தான் இன்னொருவன். ஸ்டாப் வாட்சில் பார்த்தால், ஒரே சாடிலில் ஒரே ஆள் இரண்டு முறை தட்டினாலே, உலோகத்தை மாற்றும்போது வந்ததற்குக் குறையாத வித்தியாசம் வந்தது.

ஆனால் இரண்டு விஷயங்களில் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒன்று, உயரம் வைக்கும் க்ரப் ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்தி, சாடிலின் ஒரு கால் தகட்டில் படாமல் விட்டபோது. ஸ்வரம் அங்கேயே செத்தது. இன்னொன்று, கம்பி உட்காரும் பள்ளத்தைக் கூர்மையாக வைக்காமல் முன்பக்கம் மழுங்க அரம் போட்டபோது. ஸ்வரத்தோடு ஒரு 'ஜ்ங்' சேர்ந்துகொண்டது. ஆக, எந்த உலோகம் என்பதைக் காட்டிலும் எப்படி உட்கார்ந்திருக்கிறது, எந்த வடிவத்தில் கம்பியைத் தொடுகிறது என்பதற்குத்தான் மார்க் அதிகம். எங்கள் கிடாரின் பழைய சாடில்களைக் கழற்றிப் பார்த்தால் நாலில் மரை தேய்ந்து ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதைதான்! ஆறு சாடிலையும் புதிதாகச் செய்து மாட்டினோம். ஸ்வரம் இப்போது நிற்கிறது. தி.நகர் அண்ணன் கேட்டுவிட்டு, "பாத்தியா, பித்தளைன்னா பித்தளைதான்" என்றார். போட்டிருந்தது எம்.எஸ். நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலோகம் எதுவானாலும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. மிருதுவான உலோகத்தில் எஃகுக் கம்பி சீக்கிரம் பள்ளம் பறிக்கும். பள்ளத்தில் பிசிறு நின்றால் கம்பி அங்கேயே அறுபடும். முதல் நாள் கேட்காத வித்தியாசம் மூன்றாவது வருஷம் கேட்கும். இந்தத் தேய்மானம்தான் என்னை கிடாரிலிருந்து வீணைக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஊருக்கே பிடித்த 'ஜ்ங்'

கிடாரில் நாங்கள் குறை என்று ஒழித்த அந்த 'ஜ்ங்' இருக்கிறதே, மார்கழி மாதம் மயிலாப்பூர் சபாக்களில் அதற்காகத்தான் தம்பூரா வைத்துக்கொண்டு ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். தம்பூராவின் குதிரை கூர்மையான முனை இல்லை. அகலமான, லேசாகச் சரிந்த பரப்பு. கம்பிக்கும் அந்தப் பரப்புக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் கம்பி திடீரென்று பாட ஆரம்பிக்கும். அந்த நூலுக்குப் பெயரே 'ஜீவா'. உயிர்!

இதன் பின்னால் உள்ள விஞ்ஞானத்தை எடுத்துச் சொன்னவர் நம் சர் சி.வி. ராமன். 1888-ல் திருச்சியில் பிறந்து, மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் பிரசிடென்ஸி கல்லூரியில் படித்தவர். அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். ராமன் நோபல் பரிசு வாங்கியது 1930-ல். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1921-ல், கல்கத்தாவில் இருந்தபோது வீணை, தம்பூராவின் குதிரைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் 'யங்ஸ் மாடுலஸ்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அதே தாமஸ் யங் கம்பிகளுக்கும் ஒரு விதி சொல்லியிருந்தார். கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளி அசையாமல் இருக்க வேண்டிய கிளை ஸ்வரங்கள் எதுவும் ஒலிக்காது என்பது அந்த விதி. உதாரணமாக, நட்ட நடுவில் மீட்டினால் மேல் ஸ்தாயி ஸட்ஜம் கிளைக்கக் கூடாது. தம்பூராவில் செய்து பாருங்கள். நடுவில் மீட்டிவிட்டு, உடனே அதே இடத்தை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். மூல ஸ்வரம் அடங்கிவிடும், ஆனால் மேல் ஸ்தாயி பாடிக்கொண்டே இருக்கும். விதி தோற்றுப்போகிறது! காரணம் அந்தக் குதிரை. கம்பி ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் அந்த அகலப் பரப்பை உரசி, தட்டி, எழும்புகிறது. ஒவ்வொரு உரசலிலும் மேல் ஸ்வரங்கள் புதிது புதிதாகப் பிறக்கின்றன. வீணையின் குதிரை மேல் வளைந்த உலோகத் தகடு இருப்பதால், கம்பி அந்த வளைவிலிருந்து தொடுகோடு மாதிரி புறப்படுகிறது. இன்ஜினியரிங் டிராயிங்கில் வட்டத்துக்கு டான்ஜென்ட் போடுகிறோமே, அதேதான். நம் கைவினைஞர்கள் டிராயிங் போர்டு இல்லாமலே அதைப் போட்டிருக்கிறார்கள்.

மேல்நாட்டுக்காரர்களுக்கும் இந்த ஆசை வந்தது. 1967-ல் அமெரிக்காவில் 'கோரல்' என்ற பெயரில் எலக்ட்ரிக் சிதார் விற்றார்கள். உண்மையில் அது கிடார்தான். வேண்டுமென்றே அகலமான, தட்டையான பிரிட்ஜை வைத்து 'ஜ்ங்' வரவழைத்தார்கள்.

சென்னைக்கு ஏன் நாதம் நிற்க வேண்டும்?

நம் ஊர் சங்கீதத்துக்கு சஸ்டெயின் ஆடம்பரம் இல்லை, சாப்பாடு. கமகம் என்றால் என்ன? ஒரு தடவை மீட்டிவிட்டு, அந்த நாதம் அடங்குவதற்குள் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டு வருவது. நாதம் நிற்காவிட்டால் இழுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? வயலினுக்கு வில் இருக்கிறது, இழுத்துக்கொண்டே இருக்கலாம். மீட்டும் வாத்தியத்துக்குக் குதிரையே கதி.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-ல் இங்கேயே மறைந்தவர். மேல்நாட்டு மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி. குட்டைக் கம்பி, நாதம் நிற்காது. அவர் எடுத்துக்கொண்டது எலக்ட்ரிக் மாண்டலின். அதிலும் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து. இழுக்கவும் வசதி, நாதமும் நிற்கும். எலக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசித்த முன்னோடி சுகுமார் பிரசாத். அவருக்குப் பின் வந்த கிடார் பிரசன்னா, நமக்குப் பக்கத்திலேயே ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். இளையராஜா மேல்நாட்டு இசை கற்றுக்கொண்டது மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம். அடையாறுக்கும் லஸ்ஸுக்கும் நடுவில் இவ்வளவு கம்பிகள் ஒலித்திருக்கின்றன. நாம் பஸ் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே அதைக் கடந்து போகிறோம்.

அத்தை வீணை

இனி விஷயத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கம் ஒரு சந்தில் என் அத்தை இருக்கிறார். மாமா காலமான பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வீணை சொல்லித் தருகிறார். அதுதான் வருமானம். வீணை அவருடைய அம்மாவுடையது, பலா மரத்தில் செய்த தஞ்சாவூர் வீணை. போன வருஷம் அந்த வீணை பேசுவதை நிறுத்திவிட்டது. ஸாரணிக் கம்பியை மீட்டினால் கட்டையில் தட்டின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனதற்கு, "குடமே போச்சுங்க, புதுசு வாங்கிடுங்க" என்று ஒரு விலை சொன்னார்கள். அத்தை வீட்டுக்கு வந்து வீணைக்கு உறையைப் போட்டு மூலையில் சாத்திவிட்டார். அடுத்த மாதத்துக்குள் நாலு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

அதே மயிலாப்பூரில், வீட்டுத் திண்ணையிலேயே வீணை, தம்பூரா பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று பூக்கார அம்மா சொல்லி, அங்கே தூக்கிக்கொண்டு போனோம். பெரியவர் குடத்தைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "குடத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. குதிரைதான் தேஞ்சிருக்கு" என்றார். மரக் குதிரையின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில், அம்மா, மகள் என்று இரண்டு தலைமுறை வாசித்ததில், கம்பிக்குக் கீழே நாலு பள்ளம். வளைவிலிருந்து தொடுகோடாகப் புறப்பட வேண்டிய கம்பி, பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டிருந்தது.

"அப்போ சரி பண்ணிடலாமா?" என்று அத்தை கேட்டார். பெரியவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு வருஷமா இப்படித்தாம்மா. அரம் பிடிச்சா வளைவு போயிடுது. கேக்கறதுக்குக் காது இருக்கு, செய்யறதுக்குக் கை இல்ல."

நான் சொன்னேன், "ஐயா, நான் அரம் பிடிப்பேன். ஃபிட்டிங்ல பழக்கம். நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க, பிடிச்சுக் காட்டு" என்று ஒரு பித்தளைத் துண்டையும் ஸ்மூத் அரத்தையும் கொடுத்தார். நாலு இழுப்பு இழுத்தேன். "ம்... முன்னாடி போகும்போது மட்டும் அழுத்தற. யாரோ ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். முதல் வருஷம் என் 'வி' ஃபிட்டிங் ஜாப்பை ஆறு தடவை திருப்பிக் கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் சார், இந்தப் பாராட்டு முழுக்க உங்களுக்குத்தான்.

மூன்று சாயங்காலம் பிடித்தது. கம்பிகளைத் தளர்த்தி, தகட்டில் நாலு இழுப்பு, எமரி பேப்பர், மறுபடியும் கம்பி ஏற்றி மீட்டல். கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதத்தை விட்டு, அது எங்கே சிக்குகிறது என்று பார்ப்பார். நம்முடைய ஃபீலர் கேஜ்தான், காசு செலவில்லாத மாடல். வளைவு தட்டையாகிப் போனால் வெறும் இரைச்சல். வளைவு கூடிப்போனால் நாதம் வறண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் தலைமுடி அகலத்தில் ஒரு இடம். அந்த இடத்தை என் வெர்னியர் காட்டாது, அவர் காதுதான் காட்டும். "இன்னும் ஒரு இழுப்பு... போதும்... இல்ல, அரை இழுப்பு" என்பார். ஒவ்வொரு கம்பிக்கும் தனி வளைவு. ஸாரணிக்குச் சரியானது மந்தரத்துக்கு ஆகாது.

மூன்றாம் நாள் ஸாரணி பேச ஆரம்பித்தது. மீட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது நின்றது. அத்தை ஒன்றும் பேசவில்லை, உட்கார்ந்து ஒரு காம்போதி இழுத்தார். ஒரே மீட்டலில் மூன்று ஸ்வரம் போய்த் திரும்பினார். திண்ணையோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அனுமந்தரம் மட்டும் இன்னும் கொஞ்சம் மக்கர் செய்கிறது. நின்ற நாலு பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மீதி இரண்டு பேர் கீபோர்டு கற்றுக்கொள்ளப் போய்விட்டார்கள்.

யார் கையில்?

காசு கொடுக்கப் போனபோது பெரியவர் பாதியைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். "இது உன் கைக்கு" என்றார். "உங்களுக்கப்புறம் இதை யார்ங்கய்யா செய்வாங்க?" என்று கேட்டேன். "பையன் கம்பெனியில இருக்கான், நல்ல சம்பளம். அவனைக் கூப்பிட முடியுமா? உலகத்துல எல்லாமே ஆர்டர் பண்ணா வருது தம்பி. குதிரைத் தகடும் வரும். ஆனா இந்த வீணைக்கு இந்த வளைவுன்னு வராது" என்றார்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் குறியீடு வீணைக்கு. அதன் குதிரையைச் சரிசெய்யும் கைக்கு என்ன? நமக்கும் இது பொருந்தும் நண்பர்களே. கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பது சி.என்.சி. தெரியுமா, கேட் தெரியுமா என்றுதான். தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேரச் சொல்கிறார்கள், அதற்கும் விண்ணப்பம் போடுவேன். ஃபிட்டிங் ஷாப்பை 'கை தேயற பீரியட்' என்று கிண்டல் செய்கிறோம். ஆனால் அத்தை வீட்டில் இன்றைக்கு ஒரு வகுப்பு நடக்கிறது என்றால், அதற்கு அந்தப் பீரியடும் ஒரு காரணம். ஆயிரம் சாடிலை ஒரே மாதிரி வெட்ட மெஷின் போதும். இரண்டு தலைமுறை தேய்த்த ஒரே ஒரு குதிரையைச் சரிசெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒரு காதும், அது சொன்னபடி நிற்கும் ஒரு கையும் வேண்டும்.

இனி நான் கேட்பதாகச் சொன்ன உதவி. பெரியவர் திண்ணையில் இப்போது இரண்டு வீணையும் ஒரு தம்பூராவும் காத்துக்கொண்டிருக்கின்றன. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஏப்ரலில் என் படிப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த ஊரில் வேலை கிடைக்கும் என்று தெரியாது. முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு தம்பி தங்கைகளே, உங்களில் யாருக்கு அரம் நிதானமாக ஓடுமோ, அவர்கள் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பில் என்னை வந்து பாருங்கள். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்பதை அவர் பார்த்துக்கொள்வார். வரும்போது ஒரு ஸ்மூத் அரமும் எமரி பேப்பரும் கொண்டுவாருங்கள், அவரிடம் இருப்பது தேய்ந்துவிட்டது.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு